பொருள்: நலம் விசாரித்தல் தொடர்பாக

இந்தியில் வரும் கடிதத்துக்கு இந்தியிலேயே பதில் எழுத வேண்டும் என்று மத்திய அரசின் அலுவல் மொழி விதிகளில் ஒரு விதி இருக்கிறது. பணியில் இருந்த காலம் முழுவதும் அதை நான் மேற்கோள் காட்டியிருக்கிறேன். பெரும்பாலும், அதை மீறியவர்களிடம் விளக்கம் கேட்டு எழுதும்போது. விதியின் நோக்கம் நியாயமானது. ஒருவர் எந்த மொழியில் வாயைத் திறக்கிறாரோ அந்த மொழியில் அவருக்குப் பதில் சொல்வதுதான் மரியாதை. ஆனால் விதி இந்தியோடு நின்றுவிடுகிறது. பல வருடங்களாக என்னோடு இந்தியில் பேசிக்கொண்டிருந்த ஒரு மனிதர் ஒருநாள் காலையில் வங்காளத்தில் மட்டும் பேசத் தொடங்கினால் என்ன செய்வது என்று அதில் இல்லை. விளக்கச் சுற்றறிக்கைகளிலும் தேடினேன். அவற்றிலும் இல்லை.

அந்த மனிதர் எங்கள் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருந்தவர். நான் கொள்முதல் பிரிவு. எங்கள் தீவின் ஹேடோ துறைமுகத்தில் கயிறு முதல் கிரேனின் உதிரி பாகம் வரை வாங்குவதற்கு நான் கோப்பு எழுதுவேன். அதை ஏதாவது ஒரு கேள்வியோடு திருப்பி அனுப்புவது அவர் வேலை. நான் பதில் எழுதுவேன். அவர் பதிலின் மேல் கேள்வி எழுதுவார். இப்படித்தான் பழக்கமானோம். நான் அவரை ‘தாதா’ என்பேன், அவர் என்னை ‘அண்ணா’ என்பார். வங்காளத்திலும் தமிழிலும் இரண்டுக்கும் ஒரே அர்த்தம் என்பதால் எங்களில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீர்மானமாகவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு இருவருமே தீவிலேயே தங்கிவிட்டோம். அவர் மனைவி இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. என் விஷயத்தில் திருமணம் என்ற கோப்பு திறக்கப்படவே இல்லை. மெயின்லேண்டில் எனக்கு இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துபோய், இப்போது பொங்கல் வாழ்த்து அனுப்பும் ஒரு அத்தை மகன் மட்டும் மிச்சம். ஹேடோவில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். அவர் அடுத்த சந்தில். மாலையானால் துறைமுகம் தெரியும் ஒரு மதில் கட்டையில் போய் உட்காருவோம். மெயின்லேண்ட் கப்பல் சொன்ன நாளில் வருமா வராதா என்று ஒரு டீக்குப் பந்தயம். குழாயில் தண்ணீர் இன்றைக்கா நாளைக்கா, அகவிலைப்படி எப்போது, யாருக்குக் கப்பலில் பங்க் படுக்கை கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை. இவ்வளவுதான் பேச்சு. இதற்கு இந்தி போதுமானதாக இருந்தது. எங்கள் தீவின் இந்தி ஒரு பொது வராந்தா மாதிரி. எல்லோரும் அதில்தான் நடப்போம், யாரும் அங்கே பாய் விரிக்க மாட்டோம்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன். வலது கை விழுந்துவிட்டது. அதோடு இந்தியும் போய்விட்டது. சிலருக்கு இப்படி ஆவதுண்டு, பின்னால் கற்ற மொழி போய்ப் பிறந்த மொழி மட்டும் நிற்கும், திரும்பி வந்தாலும் வரலாம் என்றார் டாக்டர். வங்காள எழுத்தில் இருந்தால் அவரால் மெதுவாக வாசிக்க முடிந்தது. நான் இந்தியில் பேசினால், கப்பல் ஏறும் ஜெட்டியின் ஒலிபெருக்கியில் யாருக்கோ அறிவிப்பு சொல்வதைக் கேட்பதுபோல் என்னைப் பார்த்தார். அவருடைய தம்பி வந்து வடக்கே திக்லிபூருக்கு அழைத்துப்போய்விட்டார். அங்கே அவர்களுக்கு வயலும் பாக்குத் தோப்பும் இருந்தன.

அதன் பிறகும் சில நாட்கள் அந்த மதிலில் போய் உட்கார்ந்தேன். தனியாகப் பந்தயம் கட்டினால் ஜெயிப்பதும் நான், தோற்பதும் நான், டீ வாங்குவதும் நான். விட்டுவிட்டேன். வீட்டில் ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது எளிது என்று நினைப்பவர்கள் வடித்துப் பார்க்க வேண்டும். ஒரு ஆளுக்கான அளவு என்று ஒன்று கிடையாது, நேற்றைய மிச்சம் என்று ஒன்றுதான் உண்டு.

ஒருமுறை திக்லிபூர் போனேன். விடிவதற்கு முன் பஸ் ஏறி, ஜிர்காடாங்கில் காட்டைத் தாண்ட வண்டிகளைச் சேர்த்து விடும் கான்வாய்க்காகக் காத்திருந்து, பஸ்ஸோடு படகில் நீரிணை தாண்டி, ரங்கத் என்ற ஊரில் சாப்பிட்டு, போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. தோப்பு ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வாய் ஒரு பக்கம் இழுக்க, நீளமாக ஏதோ கேட்டார். கப்பலைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்து, “ஆமாம் தாதா, ஆமாம், அச்சா, பகுத் அச்சா” என்று தலையாட்டினேன். அவர் மறுபடி அதையே கேட்டார். நான் மறுபடி ஆமாம் என்றேன். தம்பி மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து இந்தியில் சொன்னார். இந்தப் பக்கங்களில் வரும் இந்தியையெல்லாம் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

“பாயி சாஹப், நீங்க ஏன் இப்படி மெலிஞ்சு போயிட்டீங்கன்னு கேக்குறாரு. நீங்க ஆமாம் ஆமாங்கிறீங்க.”

நான் பதில் யோசிப்பதற்குள் தாதா தோப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபமா, அலுப்பா என்று தெரியவில்லை. மறுநாள் பஸ்ஸில் திரும்பும் வரை என்னிடம் பேசவில்லை. நான் பேசினால் கண்ணை மூடிக்கொண்டார். போனிலும் அப்படித்தான். அந்தப் பெண் போனை அவர் காதில் வைப்பார், நான் “தாதா” என்பேன், மூச்சுச் சத்தம் கேட்கும், பிறகு போன் கீழே வைக்கப்படும். அவருடைய ஒரே கேள்வி பதில் இல்லாமல் கிடப்பில் கிடந்தது. கிடப்பில் எதுவும் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

ஆகவே வங்காளம் படிக்கச் சேர்ந்தேன்.

வங்காளிகளின் சங்கக் கட்டடம் ஒன்றில், வாரம் இருமுறை மாலை வகுப்பு. ஆசிரியை நாற்பது வயதைத் தாண்டியவர், பகலில் பள்ளியில் வேலை, பிறந்தது திக்லிபூர்ப் பக்கத்துக் குடியேற்றக் கிராமம். என்னை ‘அங்கிள்’ என்பார். வகுப்பில் நாங்கள் இரண்டே பேர் நிலைத்தோம். இன்னொருவர் பஜாரில் மளிகையும் பாக்கு வியாபாரமும் செய்யும் தமிழ் முஸ்லிம், பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். அவரை நான் பாய் என்பேன். வங்காளம் அவருக்குத் தொழில் தேவை.

“ரங்கத்துல பாக்கு எடுக்கப் போறேன்ல சார். என்கிட்ட ஹிந்தில ஒரு வெலை சொல்லுவானுக. அப்புறம் அவனுகளுக்குள்ள பெங்காலில குசுகுசுன்னு பேசிக்கிருவானுக. என்னத்தப் பேசுறானுகன்னு தெரியணும். அது தெரிஞ்சா போதும். நீங்க என்னத்துக்கு சார் இந்த வயசுல? பாயிதா, லாபம் இல்லாத வேலை.”

“ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கு.”

“ஒரு கடுதாசிக்கு ஒரு பாஷையா! நம்மகிட்ட சொன்னா எவனையாச்சும் புடிச்சு எழுதி வாங்கித் தந்துருவேன்ல.”

அது எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் இன்னொருவர் கையால் நலம் விசாரித்தால், தாதா அந்த இன்னொருவரைத்தான் பார்ப்பார் என்று பட்டது. பாயிடம் இதைச் சொல்லவில்லை.

எழுத்து பிடிபட்டதும் ஆசிரியை பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். ஓர் அலமாரி நிறையச் சிறுவர் கதைகளைக் காட்டினார். அவருடைய முறை இது: பிடித்ததை எடு. ஒரு பக்கத்தில் நாலைந்து இடத்துக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போது வேண்டாம். அகராதியைத் தொடாதே. சலித்தால் பாதியில் போட்டுவிட்டு வேறு எடு. நிறைய வாசி. தேர்வு கிடையாது. வாரம் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவா. கதை என்ன சொன்னது என்று வேண்டாம், அதை வாசித்தபோது நீ என்ன நினைத்தாய், எதை நம்பவில்லை என்று எழுது.

இதில் ஒவ்வொரு வாக்கியமும் என் பயிற்சிக்கு எதிரானது. ஒரு கோப்பைப் பாதியில் போட்டுவிட்டு வேறு எடு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் எடுத்த முதல் புத்தகம் ஒரு பூனையின் பிறந்தநாளைப் பற்றியது, சகிக்க முடியாதது. கடைசி எழுத்து வரை வாசித்து முடித்துத் தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டேன். சிறுவர் புத்தகத்தின் பின்னட்டையில் கையெழுத்தை ஆசிரியை பார்த்தார். ரப்பரால் அழித்தார்.

இரண்டாவது புத்தகத்தில் ஒரு கிழவர் வீட்டு முற்றத்தில் யானைக்குட்டி ஒன்றை வளர்க்கிறார். அது வளர்ந்து, வாசல் வழியே வெளியே போக முடியாமல் ஆகிறது. ஊர் கூடி மதிலை இடித்து யானையை வெளியே விடுகிறது. நான் எழுதிய பக்கம் இப்படி இருந்தது: ஒன்று, முற்றத்தில் யானை வளர்க்கப்பட்டது. இரண்டு, மதிலை இடிப்பதற்கு உரிய அனுமதி பெறப்பட்டதாகத் தெரியவில்லை. மூன்று, இடிப்புச் செலவுக்கான மதிப்பீடு இணைக்கப்படவில்லை. நான்கு, மேற்கண்டவை தக்க முடிவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகின்றன.

ஆசிரியை சிவப்பு மையில் திருத்துவதில்லை. பக்கத்தின் அடியில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதித் தருவார். “யானையைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தீர்கள்?” என்று எழுதியிருந்தார். அதன் கீழே நான் அலுவலக வழக்கப்படி ‘நில்’, அதாவது ஒன்றுமில்லை, என்று எழுதி அடுத்த வகுப்பில் கொடுத்தேன்.

“நில்லா அங்கிள்?” என்றார். “வீட்டு முற்றத்துல ஒரு முழு யானை நிக்குது. அதைப் பாத்துட்டு நில்லா?”

“எனக்குத் தனிப்பட்ட கருத்து இல்லை.”

“கருத்து வேற எப்படி இருக்கும், பொதுவாவா இருக்கும்?”

பாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் தன் பக்கத்தில், யானைக்குத் தினமும் தீனி போட்டது யார், கிழவரிடம் தோப்பு ஏதும் இருந்ததா, கதை எழுதினவர் அதை ஏன் மறைத்தார் என்று கேட்டிருந்தார். ஆசிரியை அதற்கு அடியில், “கதையில் இன்னும் யாரெல்லாம் எதையெல்லாம் சொல்லாமல் விட்டார்கள்?” என்று எழுதிக் கொடுத்தார். பாய் அதை ஒரு வாரம் தூக்கிக்கொண்டு திரிந்தார்.

எனக்கு இருந்த சிக்கலை அவர்களுக்கு விளக்க முடியவில்லை. அலுவலகக் குறிப்பில் ‘நான்’ கிடையாது. ‘கருதப்படுகிறது’ உண்டு. யாரால் கருதப்படுகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் கோப்பு நகராது. கருத்து என்பது மேலே இருப்பவர் கையெழுத்துப் போடும் இடத்தில் தானாக உண்டாகும். கீழிருந்து மேலே போனவன் நான். போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கீழே இருந்தவர்கள் தங்கள் கருத்தை என் வாயில் வைத்தார்கள். இடையில் எந்த இடத்திலும் என்னுடையது என்று ஒன்று தேவைப்படவில்லை. தமிழில்கூட நான் கடைசியாக ‘நான் நினைக்கிறேன்’ என்று எழுதியது கல்லூரித் தேர்விலாக இருக்கும். இப்போது அதைத் தெரியாத ஒரு மொழியில் எழுதச் சொல்கிறார்கள்.

ஆனாலும் வாசித்தேன். மாடியில் வேறு வேலை இல்லை. வாசிப்பு நிறைய ஆனபோது ஒன்று நடந்தது. வாக்கியங்களை எழுத்துக்கூட்டுவது நின்று, கதைக்காரர் எங்கே அவசரப்படுகிறார், எங்கே நம்மை ஏமாற்றப் பார்க்கிறார் என்பது கண்ணில் பட ஆரம்பித்தது. நல்ல பிள்ளைகள் எல்லோரும் ஏன் ஏழைகளாகவே இருக்கிறார்கள், கிழவர்கள் ஏன் எப்போதும் ஞானத்தோடு பேசுகிறார்கள் என்றெல்லாம் எரிச்சல் வந்தது. நான் கிழவன்தான். என் அனுபவத்தில் அப்படி இல்லை. ஆனால் எரிச்சலை எழுதுவதற்குப் பதிலாக, ‘கதையில் சில முரண்பாடுகள் கவனிக்கப்பட்டன’ என்றுதான் எழுதினேன். பென்சில் கேள்வி மாறாமல் வந்தது: “யாரால்?”

இதற்கிடையில் பாய் வகுப்பை நிறுத்திவிட்டார். ரங்கத்திலிருந்து திரும்பி வந்து சொன்னார்.

“வெளங்கிருச்சு சார். அவனுக குசுகுசுன்னு பேசுனது அம்புட்டும் வெளங்கிருச்சு.”

“விலையைப் பத்தியா?”

“எங்க சார்! போன தடவைக்கு இந்தத் தடவை எனக்குத் தொப்பை எவ்வளவு ஏறியிருக்குன்னு பேசிக்கிறானுக. இத்தனை வருசமா அதைத்தான் பேசியிருக்கானுக. இதுக்கா நான் புஸ்தகம் புஸ்தகமாப் படிச்சேன்?” வயிற்றைத் தடவிக்கொண்டார். “நீங்க வுடாதீங்க சார். ஒங்களுக்குத் தொப்பை இல்ல, பயமில்லாமப் படிக்கலாம்.”

அதன் பிறகு வகுப்பில் நானும் ஆசிரியையும் ஒரு மின்விசிறியும்தான். பாய் இருந்தபோது சிரிப்பதற்காவது ஒரு காரணம் இருந்தது. திரும்பும் வழியில் பேசிக்கொண்டு வர ஆள் இல்லாததால் நடை சீக்கிரம் முடிந்து, மாலை நீண்டது.

கடிதம் எழுதும் அளவுக்கு மொழி வந்துவிட்டது என்று நானே முடிவு செய்தேன். ஆசிரியையிடம் காட்டவில்லை. தனிப்பட்ட விஷயம் என்று ஒரு கூச்சம். நல்ல தாளில், இடது ஓரம் விட்டு, அனுப்புநர், பெறுநர், தேதி. பிறகு, பொருள்: நலம் விசாரித்தல் தொடர்பாக. பார்வை: எனது திக்லிபூர் வருகை. அதன் கீழே, தங்கள் உடல்நிலையின் தற்போதைய நிலவரத்தை அறிய விரும்பப்படுகிறது என்றும், இது குறித்து விரைவில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது என்றும் பிழையில்லாத வங்காளத்தில் எழுதினேன். எனக்குப் பெருமையாகவே இருந்தது. பதில் வரவில்லை. முறைப்படி ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். முதல் கடிதத்தின் தேதியைப் பார்வையில் குறிப்பிட்டு, நகலும் இணைத்து.

ஒரு மத்தியானம் போன் வந்தது. தம்பி மனைவி.

“பாயி சாஹப், உங்களுக்கு ஆபீஸ் விஷயமெல்லாம் தெரியும்ல, ஒரு உதவி வேணும். தாதாவுக்கு ஏதோ சர்க்காரி காகிதம் வந்திருக்கு. ஒண்ணு இல்ல, ரெண்டு. ரெண்டாவதுல முதலாவதோட நகல் வேற. பென்ஷன் நிக்கப் போகுதுன்னு அவரே முடிவு பண்ணிட்டாரு. ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலை. உயிர்ச் சான்றிதழ் வெச்சிருக்கிற பையில போட்டு வெச்சிருக்கேன். யாரைப் போய்ப் பார்க்கணும்?”

அடியில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று கேட்டேன்.

“அடி வரைக்கும் யார் படிச்சா? மேல ‘பொருள்’னு பார்த்ததுமே மடிச்சு என் கையில குடுத்துட்டாரு.”

அது நான்தான் என்று சொன்னேன். அவர் போனோடு உள்ளே போய் வங்காளத்தில் சத்தமாக ஏதோ சொன்னார். எனக்கு இப்போது புரிந்தது. “பயப்படாதீங்க, அது ஆபீஸ் இல்ல, அண்ணாதான்” என்று சொன்னார். தாதா என்ன பதில் சொன்னார் என்று காதில் விழவில்லை.

மனிதர் வாழ்நாளெல்லாம் அப்படிப்பட்ட காகிதங்களை அனுப்பியவர். வாங்கும் பக்கம் உட்கார்ந்தபோது அவருக்கும் அது பயமாகத்தான் இருந்திருக்கிறது.

ஆசிரியையிடம் கடிதத்தின் பிரதியைக் காட்டினேன். முதல் வரியிலேயே வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதுல ஒரு தப்புகூட இல்லை அங்கிள்” என்றார். பிறகு, “அவர்கிட்ட உண்மையில என்ன சொல்லணும்?” என்று கேட்டார். நில் என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. அலமாரியிலிருந்து கைக்கு வந்த ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அது இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களின் கதை. எல்லைக்கோட்டில் ஒரு பலா மரம். பழம் யாருக்கு என்று தினமும் சண்டை. ஒருவர் பறித்தால் மற்றவர் கத்துவார், இலை விழுந்தால் இவர் கத்துவார். ஒரு புயலில் மரம் விழுந்துவிடுகிறது. இருவரும் வெட்கப்பட்டுக் கட்டிக்கொள்கிறார்கள். அதன் பிறகு அந்த இரண்டு வீடுகளிலும் அமைதி நிலவியது என்று கதை முடிகிறது. கடைசிப் படத்தில் இரண்டு வீடுகளும் கதவு சாத்தியிருக்கின்றன. சண்டை தீர்ந்தது என்று குழந்தைகளுக்குக் காட்டுவதற்காக வரைந்திருக்கிறார்கள்.

எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. வகுப்புக்கு எழுதிய பக்கத்தில் எண் போடவில்லை. இந்தக் கதை பொய் சொல்கிறது என்று நான் நினைக்கிறேன் என்று ஆரம்பித்தேன். மரம் இருந்தபோது இவர்கள் தினமும் ஒருவரோடு ஒருவர் பேசினார்கள். கத்தினார்கள், ஆனால் பேசினார்கள். ஒவ்வொருவனும் காலையில் எழுந்ததும் மற்றவன் என்ன செய்கிறான் என்று பார்த்தான். மரம் விழுந்ததும் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. இதைப் போய் அமைதி என்று சொல்கிறார் கதைக்காரர். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அந்த இரண்டு பேரும் என்ன செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கிறார்கள்.

இவ்வளவும் வங்காளத்தில் எழுத எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. பிழைகள் இருந்தன. ஆசிரியை இரண்டு முறை வாசித்தார். திருத்தவில்லை. அடியில் எழுதிய கேள்வி இது: “இதை மறுத்துப் பேசக்கூடியவர் யார்?”

அன்று மாலை அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்தேன். அனுப்புநர் இல்லை, பெறுநர் இல்லை, பொருள் இல்லை. மேலே ‘தாதா’ என்று மட்டும் போட்டேன். முதலில் அவருடைய நிலுவைக் கேள்விக்குப் பதில் எழுதினேன்: நான் மெலிந்ததற்குக் காரணம் நோய் இல்லை, தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். அதை எழுதியபோது, என்னைப் பற்றி அவருக்கு நான் சொல்லும் முதல் தகவல் இதுதான் என்று தெரிந்தது. இத்தனை வருடம் கப்பலைப் பற்றியே பேசியிருக்கிறோம். பிறகு பலா மரக் கதையைச் சுருக்கமாகச் சொல்லி, என் கருத்தை எழுதி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். பிழைகளை அப்படியே விட்டேன். ஆபீஸ் காகிதம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

கடிதத்தைப் போட்டதும் புயல் எச்சரிக்கை வந்தது. ஜெட்டியில் எச்சரிக்கைக் கொடி ஏற்றினார்கள். கப்பல்கள் நின்றன, வடக்கே போகும் பஸ்களும் மரம் விழுந்து நின்றன. தீவின் தலைநகரான எங்கள் ஊருக்கு இப்போது புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். தபால் நிலையத்தில் பழைய முத்திரையா புது முத்திரையா என்ற குழப்பத்தில் என் கடிதம் எங்கே கிடக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன். மழை விட்டது. பஸ்கள் ஓடின. தபால்காரர் கீழ் வீட்டுக்கு மின்சார பில் கொடுத்துவிட்டுப் போவதை மாடியிலிருந்து பார்ப்பேன். நான் நிற்பதைப் பார்த்தால் அவர் தூரத்திலிருந்தே கையை விரிப்பார்.

“கியா சாஹப், லாட்டரியா?” என்று ஒருநாள் கேட்டார்.

நினைவூட்டல் அனுப்பக் கை துறுதுறுத்தது. அனுப்பவில்லை. போன் செய்யலாம். ஆனால் கடிதத்தை அவர் வாசிக்கவில்லை, அல்லது வாசித்துவிட்டுப் பேசாமல் வைத்துவிட்டார் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டால் அதன் பிறகு எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. தெரியாத வரைக்கும் காத்திருக்கலாம். வகுப்புக்குப் போனேன், வாசித்தேன், எழுதினேன். ஒரு புத்தகத்தை முதன்முறையாகப் பாதியில் போட்டேன். ஆசிரியையிடம் சொன்னபோது பரீட்சையில் பாஸ் ஆன பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பதில் வந்ததா என்று அவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கு நன்றியாக இருந்தது.

வந்தது ஒரு பழுப்பு உறை. விலாசம் தம்பி மனைவியின் கையெழுத்து. உள்ளே பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த பாதித் தாள். அதில் இருந்தது அவருடைய இடது கை எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கீழே விழுந்து எழுந்ததுபோல் இருந்தது. மாடிப்படியிலேயே உட்கார்ந்து, அகராதி இல்லாமல் வாசித்தேன். நலம் என்றோ நலமில்லை என்றோ அவர் எழுதவில்லை.

“அண்ணா, நீ சொல்வது தவறு. மரம் விழுந்தது சரி. விழுந்த மரத்தின் பலகை யாருக்கு? சண்டை அங்கேதான் ஆரம்பம். பலாப் பலகை லேசுப்பட்டதா? பதில் எழுது.”

கடிதத்தின் அடியில் தேதி மட்டும் போட்டிருந்தார்: நவம்பர் ஒன்பது.